ஈரக் கை

எரிகிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் எரிச்சல் நினைவுக்கு வந்துவிடும், வந்தால் கையை உதறுவாள், உதறினால் எழுந்து ஓடுவாள், பிறகு சோப்பு, தண்ணீர், மறுபடி முதலிலிருந்து. அரை மணி நேரம் என்றார் தோல் டாக்டர். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும், சோப்பு கூடாது, துடைக்காமல் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசலினை அப்பி மேலே பருத்தித் துணி போட்டு அரை மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருக்க வேண்டும். துணிக்கு எங்கே போக, ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைக் காலுறை இரண்டையும் எடுத்து இரண்டு கையிலும் மாட்டிவிட்டேன். இப்போது சோபாவில் என்னை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். உடம்பு அந்தப் பக்கம், முகமும் அந்தப் பக்கம், காலுறை மாட்டிய கைகள் மட்டும் என் மடியில். யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருக்கிறது. மணி மூன்று இருபது. கரண்ட் போய் ஃபேன் நின்று கிடக்கிறது, ஜன்னலில் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்த வெயில். ஏழு வயசுக் கை. மருந்து போடும்போது பார்த்தேன், விரல் மொளிகளில் எல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் நூல் நூலாக ரத்தம், விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப்போன தோல், மற்ற இடமெல்லாம் அப்போதுதான் உரித்த இறாலின் நிறம். அந்த நிறத்தை நான் நினைத்திருக்கக் கூடாது. ஒரு குழந்தையின் கையைப் பார்த்து இறாலை நினைக்கிறவள் என்ன மனுஷி.

ஆனால் எனக்குக் கை வலி தெரியும், என்னைவிட இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் பன்னிரண்டு வருஷம் இறால் கம்பெனியில் உரித்தேன். ஐஸ் தண்ணீர், குளோரின் தண்ணீர், மறுபடி ஐஸ் தண்ணீர். நகக்கண் வெந்து கிடக்கும், சாப்பிடும்போது ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர் முட்டும். காலையில் உள்ளே போகும்போது வாசலில் சூப்பர்வைசரிடம் கையைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும், ஏற்றுமதிச் சரக்கு, புண் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தேங்காயெண்ணெயில் மெழுகுவத்தியை உருக்கிப் பூசி வெடிப்பை அடைத்துக்கொண்டு, முகம் மாறாமல் கையை நீட்டுவோம். முகம் மாறாமல் நீட்டுவதுதான் கஷ்டம். இன்றைக்கு இவள் அப்படித்தான் நீட்டினாள். வெந்நீரில் முக்கியபோது வலித்திருக்கும், வாசலின் வெடிப்பில் இறங்கியபோது சுரீரென்று இருந்திருக்கும், ஒரு சத்தமில்லை. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். மூச்சைப் பிடித்தாள், அதுதான். வலிக்கு யாரும் மூக்கை மூடிக்கொள்வதில்லை. நான் குனிந்தபோதுதான் பிடித்தாள், நிமிர்ந்ததும் விட்டாள். நான் பார்த்தேன். எட்டு மாதமாக இறால் வாடை போக எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்க்கிறேன், கடலை மாவு போட்டுத் தேய்க்கிறேன், என் விரலை நானே மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. என் மூக்குக்குத் தெரியாது, பன்னிரண்டு வருஷம் பழகிய மூக்கு. குழந்தைகளின் மூக்கு பொய் சொல்லாது.

எட்டு மாதம். கஸ்பாருக்கு நான் இரண்டாவது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், நல்ல மனுஷன், குரல் உயர்த்தத் தெரியாதவர், மனைவி செத்து ஒன்றரை வருஷம் கழிந்து, பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும் என்று கோயிலில் தெரிந்தவர்கள் பேசி முடித்தார்கள். முப்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் வரப் போகிறார்கள். வீட்டுக்குள் வந்த முதல் நாள் உப்பு எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. டப்பாவில் எழுதியிருந்தது. உப்பு, மல்லி, சீரகம், கடுகு, எல்லாவற்றிலும் ஒட்டுத்தாளில் நீல மையில் குண்டு குண்டான எழுத்து, ‘ல்’லுக்கு மேலே புள்ளி வைக்காமல் சின்ன வட்டம் போடுகிற எழுத்து. பிலோமியின் எழுத்து. அவளை நான் பார்த்ததே இல்லை. படத்தில் பார்க்கிறேன், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, கரண்ட் இருந்தால் சின்னச் சிவப்பு பல்பு எரியும், அவள் சிரிக்கிறாள். படம் என்னை ஒன்றும் செய்வதில்லை. எழுத்துதான் செய்கிறது. சீரகம் எடுக்கும்போது, இது சீரகம், என்று அவள் சொல்கிறாள். பீரோவின் உள்பக்கக் கதவில் எந்தத் தட்டில் யாருடைய துணி என்று எழுதி வைத்திருக்கிறாள். தனக்குப் பிறகு ஒருத்தி வருவாள் என்று தெரிந்து எழுதினாளா, தெரியாமல் எழுதினாளா. எல்லாவற்றையும்விட, வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிய அட்டை. ஒரு கை படம், ஐந்து விரலுக்கும் ஐந்து நிறம், கீழே: கை கழுவியாச்சா? அவளுக்கு ரத்தத்தில் கோளாறாம். மருந்து ஏற ஏற உடம்பில் எதிர்ப்பே இல்லாமல் போனதாம், சாதாரணச் சளி வந்தாலும் தாங்க மாட்டாள் என்று சொல்லி, கை கழுவாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். அவளே உட்கார்ந்து குழந்தைக்காகப் படம் வரைந்து ஒட்டியிருக்கிறாள். அதை எடுத்துவிட வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்தேன். ஒரு நாள் நகத்தால் ஒரு மூலையைக் கூடக் கிளப்பினேன். கிளப்பியதும், யாரோ பின்னால் வந்து நிற்பது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, எச்சில் தொட்டு மறுபடி ஒட்டிவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போது அது என்னையும் கேட்கிறது. கழுவியாச்சா? என் கையையா. எதைக் கழுவ.

காலுறைக்குள் விரல் அசைகிறது. “சித்தி, ஆச்சா?” என்றாள். “இன்னும் இல்லட்டி.” “எவ்வளவு நேரம்?” “பெரிய முள்ளு பத்துல வரணும்.” தலையைத் திருப்பாமலே கடிகாரத்தைப் பார்த்தாள். திருப்பாமல், அதாவது என் பக்கம் திருப்பாமல். காலையில் தலை பின்னிவிட்டேன், பின்னி முடித்ததும் பேசினில் தண்ணீர்ச் சத்தம். சாப்பாடு ஊட்டட்டுமா என்று போனேன், தண்ணீர்ச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு ஆட்டோவிலிருந்து இறங்குகிறவளின் கையைப் பிடிக்கலாம் என்று வாசலில் நின்றால், என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடுவாள், தண்ணீர்ச் சத்தம். பிறகு வருவாள், ஈரக் கையோடு வந்து நிற்பாள், சொட்டச் சொட்ட. என்னைக் கழுவித் தள்ளிவிட்டு வந்து நிற்கிறாள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். கஸ்பார் முதலில் பெருமைப்பட்டார், என் மவ எவ்வளவு சுத்தம் பாரு, அவ அம்மா மாதிரி. அவ அம்மா மாதிரி. போன மாதம் கை வெடித்து ரத்தம் வந்த பிறகுதான் பயந்தார். தோல் டாக்டர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “எதுக்குக் கழுவுதுன்னு கேட்டியளாம்மா?” என்றார். கேட்கவில்லை என்று சொன்னேன். ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. தெரிந்த பதிலை யார் போய்க் கேட்பார்கள். இரண்டு வாரம் பாருங்கள், நிற்கவில்லை என்றால் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், எழுதித் தருகிறேன் என்றார். அந்த டாக்டரும் கேட்பார். இவள் என்னைக் காட்டுவாள். விரலை நீட்டி, இவங்கதான்.

அதைவிட அந்த மத்தியானம். அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கிறபோதெல்லாம் வருகிறது. போன வாரம் சனிக்கிழமை, சோற்றைத் தின்றுவிட்டுத் தரையில் பாயை விரித்துப் படுத்தவள் கண்ணசந்துவிட்டேன். மூக்குக்குக் கீழே குளிர்ச்சியாக ஏதோ. கண்ணைத் திறந்தால் ஜெசிந்தா, குனிந்து, இரண்டு விரலை என் மேலுதட்டுக்கு மேலே, படாமல், வைத்துக்கொண்டிருக்கிறாள். விரலிலிருந்து ஒரு சொட்டு என் உதட்டில் விழுந்தது, சோப்புக் கசப்பு. அவள் கண்ணில் குழந்தையே இல்லை, ரொம்ப வயசானவள் ஒருத்தி இருந்தாள். நான் அலறியிருப்பேன், சத்தம் வரவில்லை. அவளும் எழுந்து போய்விட்டாள். அந்த விரல் யாருடையது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பிணவறையிலிருந்து வந்த குளிர்ச்சி மாதிரி இருந்தது. பிலோமிதான் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள் என்று நினைத்தேன்: பார், எவள் படுத்திருக்கிறாள் பார், மோந்து பார். பட்டப்பகலில் இப்படி நினைக்கிறேனே, எனக்கு என்ன ஆகிவிட்டது. எனக்கு யாரிடம் சொல்ல இருக்கிறது. பழைய கம்பெனிப் பெண்கள் போனில் கேட்டால், ராணி மாதிரி இருக்கேன்ட்டி என்கிறேன்.

மூன்று முப்பத்தைந்து. காலுறை கொஞ்சம் நனைந்திருக்கிறது, எண்ணெய்ப் பசை வெளியே தெரிகிறது. வலது கை மெல்ல மெல்ல என் மடியிலிருந்து நழுவுகிறது. பிடித்தேன். உடனே தோள் விறைத்தது. பிடித்த பிடியை விடவும் முடியாமல், இறுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தபோது என் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. “ஜெசி, என் கையில வாடை வருதா?”

“என்ன வாடை?”

“இறால் வாடை.”

முதல் முறையாகத் திரும்பினாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்கு வாத்தியார் கேட்ட கேள்வி மாதிரி யோசித்தாள். பிறகு என் கைக்கு மேலே குனிந்து, படாமல், இழுத்து மோந்தாள். “எலுமிச்சம்பழ வாடை வருது” என்றாள். “கொஞ்சம் வாசலின் வாடை.”

“அப்ப எதுக்குட்டி நான் தொட்டா போய்க் கழுவுத?”

“தொட்டதுக்குப் பொறவு இல்ல சித்தி” என்றாள், இதுகூடத் தெரியவில்லையா என்பது போல. “தொடுறதுக்கு முன்னாடி.”

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் புரிந்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலை பின்னிய பிறகு கழுவினாள், ஆமாம், அதன் பிறகுதான் ரிப்பனை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடினாள், கழுவினாள், வந்து பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் வந்து நின்றாள். சொட்டச் சொட்ட வந்து நின்றவளின் கையை நான் ஒரு நாளும் பிடிக்கவில்லை, என்னைக் கழுவிப் போட்ட கை என்று நினைத்து, துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எட்டு மாதம். “எதுக்கு?” என்றேன்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்லா. என் மூச்சுகூட உங்க மேல படக் கூடாது.”

“அன்னைக்கு நான் தூங்கும்போது மூக்குக்கிட்ட கைய வச்சியே?”

“மூச்சு வருதான்னு பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “வந்துச்சு” என்றாள்.

பிறகு அவள் சொன்னாள். அழாமல், என் முகத்தைப் பார்க்காமல், காலுறையின் நுனியைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நாள் மனப்பாடம் பண்ணியதை ஒப்பிப்பது போலச் சொன்னாள். அப்போது யுகேஜி படித்தாளாம். பள்ளிக்கூடத்தில் மணலில் விளையாடிவிட்டு வந்தாளாம். வீட்டில் அப்பா இல்லை, அப்பாவின் அக்கா லூர்து அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள், தலையில் முடி இல்லை, துணி கட்டியிருந்தது. கழுவ மறக்கவில்லையாம், அதை இரண்டு தடவை சொன்னாள், மறக்கல சித்தி, மறக்கல, பேசின் உயரம், ஸ்டூலைக் காணோம், அத்தையைக் கூப்பிட்டா வைவாங்க, அதனால அப்படியே போய்ட்டேன். போய் அம்மாவின் கன்னத்தில் கையை வைத்தாள். மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு பெட்டியில் கொண்டுவந்தார்கள். வந்தவர்களிடம் லூர்து அத்தை சொல்லிக்கொண்டிருந்தாளாம்: “எந்த மூதேவி கழுவாத கையோட தொட்டுச்சோ.” பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இவள் கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. “அப்பாட்ட சொல்லாதிய” என்றாள்.

இரண்டு வருஷம். ஐந்து வயதிலிருந்து. அந்தப் பேசினுக்கு முன்னால் ஒவ்வொரு நாளும், அந்தக் குண்டு எழுத்துக்கு முன்னால். நான் ஏதாவது சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும், யோசித்துச் சொன்னால் பொய் என்று நினைத்துவிடுவாள். ஆனால் எனக்கு என்ன தெரியும். மணல்தானா, வேறென்னவா, எனக்கு எப்படித் தெரியும். பீரோவில் ஆஸ்பத்திரித் தாள்கள் ஒரு கட்டு இருக்கிறது, எல்லாம் இங்கிலீஷ். ஒருவேளை அந்த மணல்தான் என்றால்? அப்படி ஒருவேளை வரக் கூடாது என்று நெஞ்சை அழுத்துகிறேன், அழுத்த அழுத்த வருகிறது. ஒரு கேள்வி மட்டும் தொண்டைக்கு வந்தது.

“நீ தொட்டப்ப அம்மா முழிச்சிருந்தாங்களா?”

“தொட்டதும் முழிச்சாங்க.”

“உன் கைய பாத்தாங்களா?”

“பாத்தாங்க. நகத்துல எல்லாம் மண்ணு இருந்துச்சு.”

“பாத்துட்டு? போய்க் கழுவிட்டு வான்னு சொன்னாங்களா?”

காலுறை மாட்டிய கையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே போய்விட்டாள் என்று தெரிந்தது, அந்த அறைக்குள், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில். “இல்ல” என்றாள். “கைய எடுக்கப் போனேன். எடுக்க விடல. அவங்க கைய மேல வச்சு அமுத்திக்கிட்டாங்க.” பிறகு, அப்போதுதான் அதைப் பார்த்தது போல, “அப்படியே தூங்கிட்டாங்க” என்றாள்.

அந்த அட்டையை எழுதியவள். டப்பாவுக்கெல்லாம் பெயர் எழுதி வைத்தவள். அவளுக்குத் தெரியாதா. மண்ணைப் பார்த்தாள், பார்த்துத்தான் அமுக்கிக்கொண்டாள். எத்தனை நாளாகத் தொடாமல் கிடந்தாளோ, அந்தக் கன்னத்துக்கு எவ்வளவு பசியோ. பிலோமி, உன்னை நான் என்னவெல்லாம் நினைத்தேன். இப்போது எனக்குப் பயமில்லை, பயம் இடம் மாறிவிட்டது, உன்னிடமிருந்து எழுந்து வந்து இவள் கைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நான் சொன்னேன், என் குரல் திடமாக வந்தது, அது யார் கொடுத்த குரலோ: “கேளுட்டி. உங்க அம்மாவுக்கு அந்த நோய் நீ பள்ளிக்கூடம் சேருறதுக்கு முன்னாடியே வந்தது. அது உள்ளயேதான் இருந்துச்சு. உன் கையால வரல. அத்தை அழுகையில ஒண்ணச் சொல்லிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாது. நீ தொட்டது உங்க அம்மாவுக்கு வேண்டியிருந்துச்சு. வேண்டாம்னா கையத் தள்ளியிருப்பாங்க.”

அவள் நம்பினாளா தெரியவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலுறைகளைக் கழற்றினேன். நாலு மணியாகியிருந்தது, பெரிய முள் பத்தைத் தாண்டியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. பளபளவென்று பிசுபிசுத்த கை, சிவப்புக் கொஞ்சம் அடங்கியிருந்தது. “என்னைத் தொடு” என்றேன். “கழுவிட்டு வாரேன்” என்று எழுந்தாள். “வேண்டாம். அப்படியே.” தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. நான் காத்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம், அது நின்ற பிறகும் காத்திருந்தேன். முதலில் என் முழங்கையை ஒரு விரலால் தொட்டாள். எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முழுக் கையையும் என் கன்னத்தில் வைத்தாள். சூடான கை. வெடிப்புகள் சொரசொரவென்று தெரிந்தன. அதன்மேல் என் கையை வைத்து அமுக்க வேண்டும் போல இருந்தது, வைக்கவில்லை, அது இன்னொருத்தியின் இடம். சும்மா இருந்தேன். “இப்ப எப்படி இருக்கு?” என்றாள். “நல்லா இருக்கேன்.” கையை எடுக்காமல் கொஞ்சம் பொறுத்து, “இப்ப?” “நல்லா இருக்கேன்ட்டி.”

கரண்ட் வந்தது. நான் அடுப்படிக்குப் போனேன், அவள் கூடத்தில் கலர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்கு மறுபடி கழுவுவாள், எனக்குத் தெரியும், ஒரு தொடுகையில் போகிற பயமில்லை இது, அந்த இன்னொரு டாக்டரிடம் போகத்தான் வேண்டும், நானே கூட்டிப்போவேன், அவர் கேட்டால் நானே சொல்வேன். கஸ்பாரிடம் சொல்வதா வேண்டாமா, சொல்லாதிய என்றாளே, ஆனால் ஒரு மனுஷனுக்குத் தன் மகள் எதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று தெரிய வேண்டாமா. இவளைக் கேட்டுக்கொண்டு, இவளை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். தேங்காய்த் துவையலுக்குச் சட்டியில் எண்ணெய் விட்டேன். “சித்தி, இப்ப?” என்று கூடத்திலிருந்து குரல். “நல்லா இருக்கேன்.” தேங்காயைத் துருவினேன். “இப்ப?” “நல்லா இருக்கேன்.” இந்த முப்பத்தாறு வருஷத்தில் நான் உயிரோடு இருக்கிறேனா என்று யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உரிக்கப் போய்விடுவேன். இனி அப்படி முடியாது, இனி எனக்குச் சளி பிடிக்கக் கூடாது, ரோட்டைப் பார்த்துக் கடக்க வேண்டும், நெஞ்சு இப்போது ஏன் இப்படி அடிக்கிறது, எப்போதும் இப்படித்தான் அடிக்குமா, இத்தனை நாள் கவனிக்கவில்லையே. ஒரு குழந்தைக்காகச் சாகாமல் இருக்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய வேலை. வற்றல் மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டேன். நெடி குபுக்கென்று ஏறியது. இருமல் வந்தது, இருமினால் அவளுக்குக் கேட்கும், முந்தானையை வாயில் அடைத்து விழுங்கினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. “சித்தி, இப்ப?” “நல்லா... இருக்கேன்.”

அப்போது கூடத்தில் அவள் இருமினாள். ஒரு தடவை. பிறகு அடுக்கடுக்காக, மூச்சு இழுத்துக்கொண்டு. அடுப்பை அணைக்கவில்லை, கரண்டி கையிலிருந்து எங்கே விழுந்தது தெரியாது, ஓடினேன், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு ஓடிப் போய் அவள் முன்னால் விழுந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன், நெற்றியைத் தொட்டேன், கழுத்தைத் தொட்டேன், மிளகாய் கிள்ளிய கை, அது கூட நினைவில்லை. “என்னட்டி? என்ன செய்யுது? ஏ ஜெசி!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வியப்பாகப் பார்த்தாள். என் மூச்சு அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“மிளகா நெடி சித்தி” என்றாள். பிறகு, பயந்துபோன சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல, என் தோளைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்: “நான் நல்லா இருக்கேன்.”